தேர்தல் காலத்தில் ஒரு மாணவர் அரசியல் மன்றம் என்ன செய்கிறது? ஆன் ஆர்பரை முன்வைத்து ஒரு விளக்கம்

ஒரு தந்தை கேட்டிருக்கும் கேள்வி இது. அமெரிக்கக் குடிமகனான அவருடைய மகன் ஆன் ஆர்பரில் உள்ள மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். வரும் தேர்தல் பருவத்தில் ஒரு கட்சியைச் சார்ந்த மாணவர் மன்றத்தில் சேர்ந்து வேலை செய்ய விரும்புகிறான். அவனுடைய அறைத்தோழன் சென்னையிலிருந்து மாணவர் விசாவில் வந்தவன். அவனும் கூடவே போக ஆசைப்படுகிறான். இந்த மன்றங்கள் உண்மையில் என்ன செய்கின்றன, படிப்பு கெட்டுவிடாதா, விசாவில் இருப்பவர் கலந்துகொள்ளலாமா என்பன அவருடைய ஐயங்கள்.

மகன் தாராளமாகச் சேரலாம். சேர்வது நல்லது என்றே நான் சொல்வேன். அறைத்தோழன் சில எல்லைகளுக்குள் உதவலாம். ஆனால் அந்த எல்லைகளை அவன் முதல் நாளே தெரிந்துகொண்டாக வேண்டும். படிப்பைப் பற்றிய கவலை நியாயமானது. மற்ற இரண்டு ஐயங்களும் தெளிவதற்கு முன், மன்றம் என்ன செய்கிறது என்பதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நம்மில் பலர் மனத்தில் இருக்கும் சித்திரம் ஊர்வலம், மேடை, முழக்கம் என்பதாக இருக்கிறது. தேர்தல் காலத்தில் அந்த மன்றங்கள் செலவிடும் நேரத்தில் இவற்றுக்குப் போவது சிறு பங்குதான். பதினெட்டு வயது நிறைந்த ஒருவருக்கும் வாக்குச்சீட்டுக்கும் நடுவே முகவரி, படிவம், கடைசித் தேதி, அஞ்சல்தலை, வரிசை எனக் கிடக்கும் சின்னச் சின்னத் தடைகளை ஒவ்வொன்றாக நீக்குவதுதான் அங்கே பெரும்பாலும் நடக்கும் வேலை.

முதலில், இதைத் தமிழகக் கட்சிகளின் மாணவர் அணியோடு ஒப்பிட்டுவிடக் கூடாது. மாணவர் அணி என்பது கட்சி அமைப்பின் ஓர் உறுப்பு. அதன் பொறுப்பாளர்களைத் தலைமை நியமிக்கிறது. அமெரிக்க வளாகத்தில் இயங்கும், ஜனநாயகக் கட்சி சார்ந்த காலேஜ் டெமாக்ரட்ஸ், குடியரசுக் கட்சி சார்ந்த காலேஜ் ரிபப்ளிகன்ஸ் ஆகிய மன்றங்களோ, சதுரங்க மன்றத்தையும் நாடகக் குழுவையும் போலப் பல்கலைக்கழகத்தில் பதிவுசெய்துகொண்ட மாணவர் அமைப்புகள். பொறுப்பாளர்களை உறுப்பினர்களே ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கிறார்கள். தேசிய அளவிலான கூட்டமைப்புகளோடு உறவு உண்டு. ஆனால் அது பெரும்பாலும் தளர்வான உறவுதான். இவற்றின் வரலாறு நீண்டது. 1892-இல் இதே ஆன் ஆர்பரில்தான் குடியரசுக் கட்சி சார்ந்த கல்லூரி மாணவர்களின் தேசியக் கூட்டமைப்பு தொடங்கியது. அப்போது ஒஹையோ மாநில ஆளுநராக இருந்த வில்லியம் மெக்கின்லி வந்து பேசினார். நான்கு ஆண்டுகளில் அவர் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஜனநாயகக் கட்சியின் கல்லூரி அமைப்பு 1932-இல் உருவானது.

மிச்சிகன் ஓர் அரசுப் பல்கலைக்கழகம். எனவே அதன் பணத்தையும் ஊழியர்களின் நேரத்தையும் எந்த வேட்பாளருக்காகவும் செலவிடக் கூடாது. மாணவர் மன்றத்துக்கு அந்தத் தடை இல்லை. கூட்டத்துக்கு அறை கேட்டால் எல்லா மன்றங்களுக்கும் ஒரே விதி. மாணவர் கட்டண நிதியிலிருந்து உதவி வழங்கும்போது எந்தக் கருத்துடையவர் கேட்கிறார் என்று பார்க்கக் கூடாது என்பதை விஸ்கான்சின் பல்கலைக்கழகம் தொடர்பான சவுத்வொர்த் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2000-இல் வலியுறுத்தியது.

செப்டம்பரில் வகுப்புகள் தொடங்கியதும் வேலை ஆரம்பமாகிறது. வளாகத்தின் நடுவே ஒரு மடக்கு மேசை, அதன்மேல் படிவங்கள், பக்கத்தில் இரண்டு மாணவர்கள். கடந்து போகிறவர்களிடம் அவர்கள் முதலில் கேட்பது யாருக்கு வாக்களிப்பீர்கள் என்றல்ல. வாக்காளராகப் பதிவு செய்துவிட்டீர்களா, எந்த முகவரியில் என்றுதான். இந்தியாவில் வாக்காளர் பட்டியலைத் தயாரிப்பது தேர்தல் ஆணையத்தின் கடமை. வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கே வருகிறார். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் பதிவு செய்துகொள்வது குடிமகனின் பொறுப்பு. முகவரி மாறினால் பதிவையும் மாற்ற வேண்டும். மாணவரோ முதல் ஆண்டு விடுதியில் இருப்பார். அடுத்த ஆண்டு நான்கு நண்பர்களோடு ஒரு வாடகை வீட்டுக்குப் போவார். அதற்கடுத்த ஆண்டு இன்னொரு தெருவில் இருப்பார். சென்ற தேர்தலில் சரியாக இருந்த பதிவு இந்தத் தேர்தலில் தவறாகிவிடுகிறது. மேசையில் அமரும் மாணவருக்கு இந்த விதிகள் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். பெற்றோர் ஊரிலோ படிக்கும் ஊரிலோ பதிவு செய்யலாம். ஆனால் வாக்களிப்பது ஓரிடத்தில் மட்டுமே. மிச்சிகனில் தேர்தல் நாளுக்கு முன் முப்பது நாளாவது அவ்வூரில் வசித்திருக்க வேண்டும். தேர்தலுக்குப் பதினைந்து நாள் முன்புவரை இணையம் வழியாகப் பதியலாம்; அதன் பிறகு, தேர்தல் பணிகளைக் கவனிக்கும் நகர அதிகாரியான நகர கிளார்க்கின் அலுவலகத்துக்கு வசிப்பிடச் சான்றோடு நேரில்தான் போக வேண்டும். எதிர்க்கட்சி ஆதரவாளர் வந்து படிவம் கேட்டாலும் முகம் சுளிக்காமல் கொடுப்பதுதான் முறை. அப்படிக் கொடுக்காத ஒருவரை மேசையில் உட்கார வைக்கவே கூடாது.

படிக்கும் ஊரில் வாக்களிக்கலாம் என்று மேலே ஒரே வரியில் சொல்லிவிட்டேன். அந்த உரிமை அவ்வளவு எளிதாகக் கிடைத்துவிடவில்லை. வாக்குரிமை வயதை 21-இலிருந்து 18-ஆகக் குறைத்த 26-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1971 ஜூலை 1-இல் நிறைவேறியது. ஆனால் மாணவர்கள் விருந்தாளிகள், அவர்கள் உண்மையான வீடு பெற்றோர் வீடுதான் என்று சொல்லிப் பல ஊர்களின் பதிவு அலுவலர்கள் அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அதே ஆண்டில் ஆன் ஆர்பர் நகர கிளார்க்குக்கு எதிராக மாணவர்கள் தொடுத்த வில்கின்ஸ் வழக்கில், மற்றவர்களுக்கு இல்லாத தனித் தடையை மாணவர்களுக்கு மட்டும் விதிக்கக் கூடாது என்று மிச்சிகன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாடு முழுவதற்குமான தீர்வுக்கு 1979 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டெக்சாஸ் மாநிலத்தின் வாலர் கவுண்டியில், கறுப்பின மாணவர்கள் பெருவாரியாகப் படிக்கும் பிரெய்ரி வியூ பல்கலைக்கழக மாணவர்களிடம் தனிக் கேள்வித்தாள் ஒன்றை நிரப்பச் சொல்லிப் பதிவை மறுத்து வந்தார் சிம் என்ற அலுவலர். அந்த நடைமுறை செல்லாது என்ற கீழ் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டில் உறுதி செய்தது.

அந்த உரிமை கிடைத்தவுடன் ஆன் ஆர்பரில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1972 ஏப்ரலில் நடந்த நகரவைத் தேர்தலில், மாணவர் ஆதரவை நம்பி உருவான மனித உரிமைக் கட்சி என்ற சிறிய கட்சி இரண்டு இடங்களை வென்றது. 1974-இல் அதே கட்சியின் சார்பில் நின்று வென்ற கேத்தி கோசசெங்கோ அப்போது அதே பல்கலைக்கழக மாணவி. தன்பால் ஈர்ப்பை வெளிப்படையாக அறிவித்துக்கொண்டு அமெரிக்காவில் தேர்தலில் வென்ற முதல் வேட்பாளர் அவர். வாடகை, தெருவிளக்கு, காவல்துறை போன்று மாணவரை நேரடியாகத் தொடும் முடிவுகள் நகரவையில்தான் எடுக்கப்படுகின்றன. இன்றைய மன்றங்கள் தங்கள் ஆற்றலில் பெரும்பகுதியைக் குடியரசுத் தலைவர், ஆளுநர், செனட் தேர்தல்களுக்கே கொடுத்துவிட்டு உள்ளூர்த் தேர்தலைக் கைவிடுகின்றன என்பது எனக்குள்ள பெரிய குறை. மிச்சிகனில் கட்சி வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தல் ஆகஸ்டில், மாணவர்கள் ஊரில் இல்லாத காலத்தில் நடப்பது இதற்கு ஒரு காரணம். ஆனால் அது முழுக் காரணம் ஆகாது.

தடைகள் மறுபடியும் வந்தன. 1999-இல் மிச்சிகன் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அப்போது மாநில செனட்டராக இருந்த மைக் ராஜர்ஸ் பெயரால் அது அறியப்படுகிறது. மாநில ஓட்டுநர் உரிமத்தில் உள்ள முகவரியும் வாக்காளர் பதிவு முகவரியும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்றது அச்சட்டம். கல்லூரியில் இருக்கும் எட்டு மாதத்துக்காக உரிமத்தின் முகவரியை மாற்ற எந்த மாணவருக்குத்தான் தோன்றும்? பெற்றோர் ஊரிலேயே பதிந்துகொண்டால் அங்கே போய் வாக்களிக்க மூன்று மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். தபால் வாக்கு கேட்கலாம் என்றால், அஞ்சல் வழியாகப் பதிவு செய்த புதிய வாக்காளர் முதல் தடவை நேரில்தான் வாக்களிக்க வேண்டும் என்று இன்னொரு விதி வழிமறித்தது. இந்த இரண்டு விதிகளும் சேர்ந்து மாணவர்களை இரு பக்கமும் அடைத்தன. 2018 ஆகஸ்டில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் காலேஜ் டெமாக்ரட்ஸ் மன்றமும் அதன் மாநிலக் கூட்டமைப்பும் இதை எதிர்த்துக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போயின. அந்த நவம்பரில் மிச்சிகன் வாக்காளர்கள் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையோடு மாநில அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். தேர்தல் நாள்வரை நேரில் பதிவு செய்யும் உரிமையும், காரணம் சொல்லாமல் தபால் வாக்கு பெறும் உரிமையும் கிடைத்தன. வழக்கு 2019-இல் சமரசத்தில் முடிந்தது. மாணவர் மன்றம் என்றால் பொழுதுபோக்கு என்று நினைக்கிறவர்களுக்கு இந்த ஒரு வழக்கையே நான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன்.

தேர்தல் நாளிலேயே பதியலாம் என்ற உரிமை புதியதொரு சிக்கலையும் கொண்டுவந்தது. அந்தப் பதிவு நகர கிளார்க் அலுவலகத்தில்தான் நடக்க வேண்டும். ஆன் ஆர்பர் நகர மண்டபமோ வளாகத்திலிருந்து சற்றுத் தள்ளி இருக்கிறது. 2020-இல் பல்கலைக்கழகத்தின் கலை அருங்காட்சியகத்திலேயே நகர கிளார்க்கின் கிளை அலுவலகம் ஒன்று திறக்கப்பட்டது. ஓவியங்களும் சிற்பங்களும் இருக்கும் கட்டடத்தில், பெரிய கண்ணாடிச் சுவர்களுக்குப் பின்னால், மாணவர்கள் பதிவும் செய்து வாக்கும் அளித்தார்கள். 2022 நவம்பர் 8 அன்று அங்கே நின்ற வரிசை நாடு முழுவதும் செய்தியானது. ஆளுநர் தேர்தலோடு, கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியல் சட்டத்தில் சேர்க்கும் முன்மொழிவும் அன்று வாக்குச்சீட்டில் இருந்தது. வாக்குப்பதிவு இரவு எட்டு மணிக்கு முடிய வேண்டும். ஆனால் எட்டு மணிக்குள் வரிசையில் நின்றுவிட்டவருக்கு வாக்களிக்கும் உரிமை உண்டு. குளிரில் பல மணி நேரம் காத்திருந்து நள்ளிரவைத் தாண்டியும் மாணவர்கள் வாக்களித்தார்கள்.

இப்படிப்பட்ட இரவில் மன்றத்தாருக்கு வேலை மிகுதி. வரிசையில் நிற்பவர்களுக்குத் தண்ணீரும் தின்பண்டமும் கம்பளியும் கொண்டுவந்து கொடுப்பது, எந்தச் சான்று வேண்டும், அதைக் கைப்பேசியில் எங்கே எடுப்பது என்று ஒவ்வொருவராகக் கேட்டுச் சரிபார்ப்பது, எட்டு மணி ஆனாலும் வரிசையை விட்டுப் போகாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது ஆகியவையே அந்த வேலை. இங்கே ஒரு சட்ட எல்லை உண்டு. மிச்சிகனில் வாக்குச்சாவடி வாயிலிலிருந்து 100 அடிக்குள் எந்தக் கட்சிக்கும் வேட்பாளருக்கும் ஆதரவான பேச்சோ துண்டறிக்கையோ சட்டையோ கூடாது. ஆகவே வாக்காளருக்கு உதவ வரிசையருகே போகும் உறுப்பினர் தன் சட்டையில் இருக்கும் சின்னத்தைக் கழற்றிவிட்டே போக வேண்டும். இந்த ஒழுக்கத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் மன்றம் வளாகத்தில் எல்லாத் தரப்பினரிடமும் மரியாதை பெறுகிறது. அந்த வரிசையைப் பார்த்த பிறகு, மாணவர்களுக்கு அரசியலில் அக்கறை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வாக்களிக்க வந்தவரைப் பல மணி நேரம் குளிரில் நிறுத்தும் ஏற்பாட்டில்தான் குறை இருந்தது. 2022-இல் நிறைவேறிய மற்றொரு திருத்தத்தின்படி, மாநில அளவிலான தேர்தல்களில் குறைந்தது ஒன்பது நாள் முன்கூட்டியே நேரில் வாக்களிக்கும் வசதி கட்டாயமாகியிருக்கிறது. எனவே இப்போது மன்றத்தின் முதன்மையான அறிவுரை, கடைசி நாளுக்குக் காத்திருக்காதீர்கள் என்பதுதான்.

பிற மாநிலங்களிலிருந்து வந்து, தங்கள் ஊரிலேயே வாக்களிக்க விரும்பும் மாணவர்களுக்குத் தபால் வாக்குதான் வழி. அதில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. பென்சில்வேனியாக்காரர் வாக்குச்சீட்டை உள்ளுறையில் வைக்காமல் அனுப்பினால் அது எண்ணப்படாது; விஸ்கான்சின்காரருக்குச் சாட்சிக் கையொப்பம் வேண்டும். உறையில் தன் கையொப்பம் இட மறந்து வாக்கை இழப்பவர்களும் உண்டு. அஞ்சல்தலையை எங்கே வாங்குவது என்றே தெரியாத தலைமுறை இது. நல்ல மன்றங்கள் அஞ்சல்தலையையும் வாங்கி வைத்திருக்கின்றன. டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாடளாவிய அளவில் கணக்கிட்டுச் சொல்லும் எண்கள் இவை: குடியரசுத் தலைவர் தேர்தல் இல்லாத இடைக்காலத் தேர்தல் ஆண்டுகளான 2014-இல் கல்லூரி மாணவர்களில் 19 விழுக்காட்டினரும், 2018-இல் 40 விழுக்காட்டினரும் வாக்களித்தார்கள், குடியரசுத் தலைவர் தேர்தல் நடந்த 2016-இல் 52 விழுக்காடு, 2020-இல் 66 விழுக்காடு. இந்த உயர்வு முழுவதும் மாணவர் மன்றங்களால் வந்தது என்று நான் சொல்லவில்லை. நாட்டின் அரசியல் சூடும் அதற்குக் காரணம். ஆனால் அந்தச் சூட்டை வாக்குச்சீட்டாக மாற்றிய கைகளில் மாணவர்களின் கைகளும் உண்டு.

அக்டோபர் பிறந்ததும் வார இறுதிகள் கதவு தட்டுவதற்குப் போய்விடும். ஆன் ஆர்பர் பெரும்பாலும் ஒரு கட்சிப் பக்கம் சாய்ந்த ஊர். ஆகவே கார்களில் நான்கைந்து பேராக ஏறிப் போட்டி கடுமையாக உள்ள தொகுதிகளுக்குப் போகிறார்கள். மாநிலத் தலைநகரான லான்சிங் அடங்கிய 7-ஆவது நாடாளுமன்றத் தொகுதி 2022-இல் ஜனநாயகக் கட்சிக்கும் 2024-இல் குடியரசுக் கட்சிக்கும் சென்றது. 2016 குடியரசுத் தலைவர் தேர்தலில் மிச்சிகன் மாநிலம் முழுவதிலும் வெற்றி வித்தியாசம் 10,704 வாக்குகள்தான். இந்த எண்ணை இரு கட்சி மன்றங்களும் தங்கள் புதிய உறுப்பினர்களிடம் சொல்லாமல் விடுவதில்லை. வேட்பாளரின் பரப்புரை அலுவலகம் தெருக்களைப் பகுதி பகுதியாகப் பிரித்து, வாக்காளர் பெயர், முகவரி, வயது ஆகியவை கொண்ட பட்டியலைக் கைப்பேசிச் செயலியில் அனுப்புகிறது. இருவர் இருவராகப் போய்க் கதவு தட்டி, பேசி, பதிலை அதிலேயே குறிக்க வேண்டும். பல வீடுகளில் கதவு திறக்காது. துண்டறிக்கையைக் கதவின் கைப்பிடியில் செருகிவிட்டு வரலாம். அஞ்சல் பெட்டிக்குள் மட்டும் போடக் கூடாது, அது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். விடுதிகளுக்குள் இப்படிக் கதவு தட்டுவதற்கு விடுதி நிர்வாகத்தின் விதிகள் உண்டு. அவற்றைக் கேட்டறியாமல் நுழையக் கூடாது.

இந்த அலைச்சலுக்குப் பலன் உண்டா என்றால், உண்டு. யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன் என்ற இரண்டு அரசியல் அறிஞர்கள் 1998-இல் நியூ ஹேவன் நகரில் ஏறத்தாழ முப்பதாயிரம் வாக்காளர்களைக் கொண்டு ஒரு களச் சோதனை நடத்தினார்கள். சிலரை நேரில் சந்தித்தார்கள், சிலருக்குக் கடிதம் அனுப்பினார்கள், சிலருக்குத் தொலைபேசியில் பேசினார்கள். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். எந்தக் கட்சிக்கும் ஆதரவு கேட்கவில்லை, வாக்களிக்க வாருங்கள் என்று மட்டுமே சொன்னார்கள். 2000-இல் வெளியான முடிவின்படி, நேரில் பேசப்பட்டவர்களிடையே வாக்களிப்பு சுமார் ஒன்பது புள்ளிகள் உயர்ந்தது. கடிதத்தின் பயன் மிகச் சிறியது. தொலைபேசி அழைப்பால் பயன் ஏதும் தெரியவில்லை. பிற்கால ஆய்வுகள் இந்த அளவுகளைக் கூட்டியும் குறைத்தும் சொன்னாலும், முகத்துக்கு முகம் பேசுவதே வலிமையானது என்ற அடிப்படை நிலைத்திருக்கிறது. ஒரு மாணவர் தன் சக மாணவரிடம் பேசும்போது அந்த வலிமை இன்னும் கூடும் என்பது நான் பல தேர்தல்களில் கண்டது. இருந்தும் ஒரு மாலை முழுவதும் ஓர் அறையில் உட்கார்ந்து முன்பின் தெரியாத எண்களுக்கு அழைக்கும் வழக்கத்தை மன்றங்கள் விடுவதில்லை. புதியவர்களுக்குக் கூச்சம் போக்கும் பயிற்சி என்ற அளவில் அது இருக்கட்டும்.

இரு மன்றங்களும் ஒரே மேடையில் நடத்தும் விவாதம், வேட்பாளர்களின் வருகை, தொலைக்காட்சி விவாதத்தைக் கூடிப் பார்ப்பது, முடிவு வரும் இரவின் கூட்டம் ஆகியவையும் உண்டு. இவற்றில் விவாதம் மட்டும் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. எதிர்த்தரப்பு மாணவரின் வாதத்தை அவர் வாயாலேயே கேட்டு, அவையின் முன் பதில் சொல்லும் வாய்ப்பு மற்ற எந்தப் பணியிலும் கிடைப்பதில்லை.

மாணவர்கள் பரப்புரைக்குக் கைகால்களாக மட்டும் இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதே ஊரில் ஒரு பெரிய சான்று இருக்கிறது. 1960 அக்டோபர் 14, அதிகாலை இரண்டு மணி. தொலைக்காட்சி விவாதத்தை முடித்துவிட்டு ஆன் ஆர்பருக்கு வந்து சேர்ந்த ஜான் கென்னடி, மிச்சிகன் யூனியன் கட்டடத்தின் படிகளில் நின்று, அந்த நேரத்திலும் காத்திருந்த சுமார் பத்தாயிரம் மாணவர்களிடம் பேசினார். மருத்துவராகப் போகிற உங்களில் எத்தனை பேர் கானா நாட்டுக்குப் போய் உழைக்க ஆயத்தமாக இருக்கிறீர்கள் என்ற பொருளில் கேட்டார். பேச்சு சில நிமிடங்கள்தான். ஆனால் ஆலன் கஸ்கின், ஜூடித் கஸ்கின் என்ற முதுநிலை மாணவத் தம்பதியர் அதை அப்படியே விட்டுவிடவில்லை. மாணவர் நாளிதழான மிச்சிகன் டெய்லிக்குக் கடிதம் எழுதினார்கள், கையொப்பம் திரட்டினார்கள். ஏறத்தாழ ஆயிரம் பேர், வாய்ப்புத் தந்தால் போகத் தயார் என்று ஒப்பமிட்டார்கள். நவம்பர் 2-இல் சான் பிரான்சிஸ்கோவில் கென்னடி, தன்னார்வ இளைஞர்களைப் பிற நாடுகளுக்கு அனுப்பிப் பணிசெய்ய வைக்கும் அமைதிப் படைத் (பீஸ் கோர்) திட்டத்தை அறிவித்தார். 1961 மார்ச் 1-இல் அது நடைமுறைக்கு வந்தது. அந்தப் படையின் இளைஞர்கள் 1961 முதல் 1976 வரை இந்தியாவிலும் பணி செய்தார்கள். வேட்பாளர் சொன்ன ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு, அதை வாக்குறுதியாக மாற்றும்வரை மாணவர்கள் விடவில்லை. இன்றைய மன்றங்கள் பரப்புரை அலுவலகம் கொடுக்கும் பட்டியலை முடித்துக் கொடுப்பதில் காட்டும் ஊக்கத்தை, வேட்பாளரிடம் கேள்வி கேட்பதிலும் காட்ட வேண்டும். மகன் சேர்ந்தால், அவன் இதை மன்றக் கூட்டத்தில் எழுப்ப வேண்டும் என்பது என் விருப்பம்.

படிப்பைப் பற்றி: சாதாரண உறுப்பினராக வாரத்துக்கு மூன்று நான்கு மணி நேரம் கொடுத்தால் எந்தப் பாடமும் கெடாது. தலைவர், செயலர் போன்ற பொறுப்பு ஏற்றால் அக்டோபர் நடுவிலிருந்து தேர்தல் நாள்வரை அது முழுநேர வேலையாகிவிடும். இடைத்தேர்வுகள் வருவதும் அதே காலத்தில்தான். ஆகவே முதல் பருவத்தில் பொறுப்பு எதையும் ஏற்க வேண்டாம். தேர்தல் நடக்கும் பருவத்தில் ஒரு பாடத்தைக் குறைத்துக்கொள்வதும் சிலருக்கு உதவும்.

அறைத்தோழனைப் பற்றிய பகுதியைத் தயவுசெய்து அவனிடமும் படித்துக் காட்டுங்கள். மாணவர் விசாவில் இருப்பவர் கூட்டங்களுக்குப் போகலாம், விவாதத்தில் பேசலாம். கூட்டாட்சித் தேர்தல் விதிகளின்படி, ஊதியம் வாங்காமல் தன் உழைப்பை ஒரு வேட்பாளருக்குத் தன்னார்வமாகக் கொடுக்கவும் தடையில்லை. ஆனால் நன்கொடை ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது. பணம் எப்படிச் செலவாக வேண்டும் என்ற முடிவுகளில் பங்கேற்கக் கூடாது. கதவு தட்டுவதற்குச் சில அமைப்புகள் மணிக்கு இவ்வளவு என்று கூலி தருகின்றன; அதை ஏற்றால் விசா அனுமதிக்காத வேலை செய்தவர் ஆகிவிடுவார். வளாகத்தில் சட்ட முன்மொழிவுகளுக்குக் கையொப்பம் வாங்குபவர்கள் வருவார்கள். அந்தத் தாள்களில் பதிவுபெற்ற வாக்காளர்கள் மட்டுமே ஒப்பமிட வேண்டும். 2022-இன் கருக்கலைப்பு உரிமை முன்மொழிவுக்கு ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்கள் திரட்டப்பட்டன என்றால், எத்தனை பேர் எத்தனை பேரை நிறுத்திக் கேட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவசரத்தில் நட்புக்காகக்கூட அவன் ஒப்பமிடக் கூடாது. 2025-இல் அரசியல் கருத்துகளையும் போராட்டப் பங்கேற்பையும் காரணமாகக் காட்டிச் சில வெளிநாட்டு மாணவர்களின் விசாக்கள் ரத்து செய்யப்பட்டன. ஆகவே பொதுவெளியில் எதில் பங்கேற்பது என்பதைப் பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்திடமும், தேவைப்பட்டால் குடியேற்ற வழக்கறிஞரிடமும் கேட்டு முடிவு செய்வது நல்லது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, வாக்காளர் பதிவுப் படிவத்தை அவன் தனக்காக நிரப்பவே கூடாது என்பது. 2024 அக்டோபரில் ஆன் ஆர்பரிலேயே, வெளிநாட்டிலிருந்து வந்து படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர், குடிமகன் என்று ஒப்பமிட்டுப் பதிவு செய்து வாக்கும் அளித்துவிட்டார். பிறகு அந்த வாக்கைத் திரும்பப் பெற முடியுமா என்று அவரே அதிகாரிகளிடம் கேட்டதால் செய்தி வெளியே வந்தது. செலுத்திய வாக்கைப் பிரித்தெடுக்க வழியில்லை. அவர்மீது மாநிலச் சட்டப்படி கடுமையான குற்றச்சாட்டுகள் பதிவாயின. குடிமகன் அல்லாதவர் கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிப்பது 1996 முதல் கூட்டாட்சிக் குற்றமும் ஆகும். நாடு கடத்தப்படுவதற்கும் அது போதுமான காரணம். குடிமகன் என்று பொய்யாக உறுதியளித்தால் பிற்காலத்தில் நிரந்தர வசிப்புரிமைக்கான வழியே அடைபட்டுவிடக்கூடும். மிச்சிகனில் ஓட்டுநர் உரிமம் வாங்கும்போது வாக்காளர் பதிவும் தானாகவே நடக்கும் ஏற்பாடு இருக்கிறது. அந்த அலுவலகத்தில் தன் விசா ஆவணங்களைக் காட்டிக் குடிமகன் அல்ல என்பதைத் தெளிவாகப் பதியச் சொல்ல வேண்டும். பிறகு மாநில அரசின் வாக்காளர் தகவல் தளத்தில் தன் பெயர் தவறுதலாக ஏறியிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட வேண்டும். ஏறியிருந்தால், வாக்களிக்காமல் உடனே நகர கிளார்க்குக்கு எழுத்து மூலம் தெரிவித்து நீக்கச் சொல்லி, அந்தக் கடிதத்தின் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும்.